இரண்டாம் கண்

2025 மார்ச் 4, செவ்வாய்

எஸ்டேட் பஸ் இன்றும் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் முழங்கால் நசுங்க அம்பத்தூர் வந்து இறங்கினால் ஆபிஸ் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி. மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் வேலை செய்த களைப்பு வந்துவிட்டது.

வேலையும் பெரிதாக ஒன்றும் இல்லை. அலாஸ்காவில் இப்போது பனி. மே மாதம்தான் திமிங்கிலங்கள் வரும், அவற்றைப் பார்க்க அறுபது எழுபது பேரை ஏற்றிக்கொண்டு சின்னக் கப்பல்களும் கிளம்பும். பயணிகள் எடுக்கும் படங்கள் எங்களுக்கு வரும். கூன்முதுகுத் திமிங்கிலம் மூழ்கும்போது வாலைத் தூக்கும். அந்த வாலின் அடிப்பக்கம் ஒன்றைப் போல இன்னொன்றுக்கு இருக்காது. அதைப் பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்ன திமிங்கிலம் என்று எழுதி அனுப்புவதுதான் எங்கள் ஆறு பேருடைய பிழைப்பு. ஒருத்தர் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொருத்தர் தனியாகப் பார்த்து, சரிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். முதல் கண், இரண்டாம் கண். இரண்டும் விழுந்தால்தான் கப்பலுக்குப் போகும். நாங்கள் சாயங்காலம் அனுப்பினால் அங்கே அப்போதுதான் விடியும். காலைச் சாப்பாட்டின்போது வழிகாட்டி அதைப் பலகையில் எழுதிப் போடுவார். மாமியார் இன்றுவரை இதை ‘மீன் கம்பெனி’ என்றுதான் சொல்கிறார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஆறு வருஷமாக எனக்கு இரண்டாம் கண் ரோஷினி, அவளுக்கு நான். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மதியம் அவள் டப்பா என்னிடம், என் டப்பா அவளிடம். பட்டியலில் எண்தான் இருக்கும். பெயர் வைப்பது நாங்கள். பல்லி, வெள்ளை வேட்டி, கம்மல். கம்மல் என் செல்லம். வால் வெள்ளையில் இந்தப் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு வருஷமாக ஆளைக் காணோம்.

முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன். கப்பல் கம்பெனி ஆகஸ்டில் எங்களில் ஒருத்தரைப் பத்து நாள் கப்பலில் கூட்டிப் போகிறதாம். மேனேஜர் பார்த்தசாரதி சார் சொன்னார். ஆறு வருஷமாக வாலை மட்டும் பார்க்கிறேன். நேரில் நான் பார்த்த பெரிய மீன் வானகரம் மார்க்கெட்டில் ஐஸ் மேலே கிடந்த ஒரு வஞ்சிரம்.

மார்ச் 7, வெள்ளி

“உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன் அகல்யா. அங்கேர்ந்து சரின்னு வந்ததும் சொல்றேன்.”

சார் இதைச் சொல்லிவிட்டு ஃபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் நாற்காலியிலிருந்து எழ வரவில்லை.

வீட்டுக்கு வந்து பிரசன்னாவிடம் சொன்னேன். “சூப்பர்டி” என்றார். சேக்காடு முனைக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தார். சாப்பிடும்போது மட்டும், “பத்து நாளா?” என்று ஒரு தடவை கேட்டார். பாவம், அவர் கம்பெனியில் மூன்று தடவை வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லி மூன்று தடவையும் வேறு ஆளை அனுப்பினார்கள். எனக்கென்று வந்ததும் அவர் முகம் சுளிக்கவில்லை. எத்தனை பேருக்கு இப்படி அமையும்?

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் ஸ்வாதிக்கு வானகரம் மண்டபத்தில் வளைகாப்பு. முதல் வளையல் அண்ணிதான் போட வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஒரு மணி நேரம் மேடையிலேயே நிற்க வைத்துவிட்டார்கள் — சந்தனம், குங்குமம், வளையல், ஆரத்தி. கைப்பை, போன் எல்லாம் வழக்கம்போல பிரசன்னா மடியில். கால் வலி. தூங்கப் போகிறேன்.

மார்ச் 12, புதன்

ரோஷினி போகிறாள்.

சார் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன் — தட்டினேனா? தட்டியிருப்பேன். சார் என் பக்கம் திரும்பவே இல்லை. திங்கட்கிழமை ரோஷினியும் அவரும் மீட்டிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதைப் பார்த்தேன். அப்போது சந்தேகம் வரவில்லை. எனக்கு எப்போதுதான் வந்திருக்கிறது?

அவள் பின்னாலேயே வந்தாள். “அக்கா, சார் திடீர்னு கூப்ட்டு கேட்டாரு. நீங்கதான் போறீங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்.” நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஆறு வருஷம் என் குழம்பைச் சாப்பிட்டவள். என் பெயர் போயிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

பிரசன்னாவிடம் சொல்லி அழுதேன். டீ போட்டுக் கொடுத்தார். “இந்த மாதிரி ஆளுங்கள நான் நெறைய பாத்துகீறேன். சிரிச்சிகினே கழுத்தறுப்பாங்க. அவ மூஞ்சிலயே முழிக்காத” என்றார். சாரிடம் நேராகக் கேட்டுவிடட்டுமா என்றேன். “வேணாம்டி. கேட்டா உனக்குதான் மானக்கேடு.” அதுவும் சரிதான். கேட்டு வாங்க இது என்ன ரேஷன் அரிசியா?

மார்ச் 13, வியாழன்

டப்பாவை நானே தனியாகச் சாப்பிட்டேன். இறங்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

டீ கொண்டுவந்த கன்னியம்மா நடுவில் நின்றுகொண்டு, “இன்னாம்மா, ரெண்டு பேரும் மூஞ்சிய திருப்பிகினு கீறீங்க? எனுக்கே பேஜாரா கீது” என்றாள். ரோஷினி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

பக்கத்து டீம் பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர்களும் அவளிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். நல்லா வேணும்.

மே 19, திங்கள்

சீசன் தொடங்கிவிட்டது. காலையில் வந்ததுமே 212 படங்கள்.

குமிழி வலை. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை. ஒரு திமிங்கிலம் கீழே போய் மூச்சை விட்டுக்கொண்டே வட்டமாகச் சுற்றும். குமிழிகள் வலை மாதிரி மேலே எழும்பும். ஒன்று குரல் கொடுக்கும். மற்றவை மீன் கூட்டத்தை உள்ளே நெருக்கும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். யார் எந்த வேலை என்பதில் குழப்பமே இருக்காது. ஒன்று சொதப்பினால் எல்லோருக்கும் பட்டினி.

ரோஷினிக்கு விசா வந்துவிட்டதாம். அவள் சொல்லவில்லை, கன்னியம்மா சொன்னாள்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதட்டுமா, வேண்டாமா? எழுதித் தொலைக்கிறேன்.

ரோஷினி மதியம் என் மேசைக்கே வந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. “அக்கா, கம்மல். கம்மல் வந்துட்டா.”

திரையில் வால். வெள்ளையில் இரண்டு கறுப்புப் பொட்டுகள். எனக்கும் ஒரு நொடி கம்மல்தான் என்று தோன்றியது. பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பொட்டு பொட்டே இல்லை, திமிங்கிலத் தோலில் ஒட்டி வாழும் கொட்டலசு விழுந்த வடு. கம்மலுடைய வால் விளிம்பில், நடுப்பிளவு பக்கம், மூன்று பல் இருக்கும். இதில் விளிம்பு வழவழவென்று இருக்கிறது. இது கம்மல் இல்லை. ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ரோஷினிக்கும் தெரிந்திருக்கும், எனக்குக் கொடுக்கும் ஆசையில் அவசரப்படாமல் இருந்திருந்தால்.

சரிதான் என்று கையெழுத்துப் போட்டேன்.

அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 26, வியாழன்

கப்பலில் ஒரு வயதான அம்மா இருந்திருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன் கணவரோடு வந்து கம்மலைப் படம் எடுத்தவர். இந்த வருஷம் தனியாக வந்திருக்கிறார். பலகையில் கம்மலின் பட்டியல் எண்ணைப் பார்த்து அழுதிருக்கிறார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். மறுநாள் அதே திமிங்கிலம் கிட்டத்தில் வந்து வாலைத் தூக்கியது. வழிகாட்டிக்கே தெரிந்துவிட்டது, இது வேறு என்று. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

கப்பல் கம்பெனியின் கடிதம் மூன்று பக்கம். முதல் கண் போட்டவளை நம்பி எப்படிக் கப்பலில் ஏற்றுவது என்று கேட்டிருக்கிறார்கள். ரோஷினி சார் முன்னால் தலை குனிந்து நின்றாள். இரண்டாம் கண் யார் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன். “பரவால்ல, எல்லாருக்கும் நடக்கும்” என்று என்னிடம் மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

இதைத்தானே எதிர்பார்த்தேன்? அப்புறம் ஏன் சாப்பிட முடியவில்லை?

ஜூலை 3, வியாழன்

சார் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க இப்படி விடற ஆள் இல்லையே அகல்யா. அந்தக் குடும்பப் பிரச்சினை இன்னும் தீரலையா?”

“எந்தப் பிரச்சினை சார்?”

“நீங்கதான எழுதியிருந்தீங்க. வரமுடியாது, வேற யாரையாவது அனுப்புங்கன்னு.”

நான் விழித்தேன். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். வாட்ஸ்அப். மார்ச் 9. ‘கப்பலில் இருந்து சரி சொல்லிவிட்டார்கள். இன்றைக்குள் உறுதி செய்யுங்கள்’ என்று அவர். 11.42க்கு என் எண்ணிலிருந்து பதில்: வீட்டுச் சூழ்நிலை சரியில்லை, என்னால் வர முடியாது, வேறு யாரையாவது அனுப்புங்கள். தயவுசெய்து ஆபிஸில் இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம், என்னிடமும் கேட்க வேண்டாம்.

அதனால்தான் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மரியாதைக்காக.

என் போனில் அப்படி ஒரு பேச்சே இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் போன் யாரிடம் இருந்தது? இதைக் கேட்கவும் வேண்டுமா?

ஜூலை 6, ஞாயிறு

எதையும் ஒரு படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஸ்வாதியிடம் வளைகாப்புப் படங்களைக் கேட்டு வாங்கினேன். 640 படங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 318ஆவது: நான் மேடையில் ஸ்வாதி கன்னத்தில் சந்தனம் பூசுகிறேன். பின்னால், முதல் வரிசையில், மடியில் என் கைப்பையோடு பிரசன்னா. என் மஞ்சள் உறை போட்ட போனில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருக்கிறார். படத்தின் நேரம் 11.41.

அடுத்த படத்திலும் தட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கடுத்ததில் போன் இல்லை. மேடையைப் பார்த்துச் சிரிக்கிறார். என்னைப் பார்த்து.

மூன்று படத்தையும் அவர் முன்னால் வைத்தேன். முதலில், “இன்னாடி இது, நான் ஏதோ கேம் ஆடிகினு இருந்திருப்பேன்” என்றார். பிறகு, கடல் குளிர் உனக்கு ஒத்துக்காது என்றார். பிறகு, உன் நல்லதுக்குத்தான் என்றார். கடைசியில் வந்தது. “ஆபிஸ்ல, சொந்தத்துல எல்லாரும் கேப்பாங்கல்ல? பொண்டாட்டி அமெரிக்கா போய்ட்டா, நீ ஊட்ல குந்திகினு கீறியானு. மூணு வாட்டி என்ன கழட்டி உட்டாங்க. உனக்கு தெரியாதா?”

தெரியும். தெரியும்டா. அந்த மூணு வாட்டியும் உன்கூட உட்கார்ந்து அழுதவ நான்.

போகாதேன்னு சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன், ஒருவேளை போகாமலும் இருந்திருப்பேன். அது கூட இல்ல, அந்த டீ. அழுதுகிட்டு வந்தவளுக்கு டீ போட்டுக் குடுத்து, ரோஷினியை என்கூட சேர்ந்து திட்டினானே, அத எப்படி முழுங்குறது? அவ மூஞ்சிலயே முழிக்காதன்னு சொல்ல எப்படி வாய் வந்துது? நாலு மாசம் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கான். நல்லாத் தூங்கியிருக்கான்.

ஜூலை 7, திங்கள்

மதியம் ரோஷினி மேசைக்குப் போனேன். சார் அனுப்பிவைத்த வாட்ஸ்அப் படத்தையும் 318ஆம் படத்தையும் பக்கம் பக்கமாகத் திறந்தேன். “முதல் கண் நான் போட்டுட்டேன். நீ பாரு” என்றேன்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பெரிதாக்கினாள். நேரத்தைப் பார்த்தாள், போன் உறையைப் பார்த்தாள், மறுபடி நேரம். ரொம்ப நேரம் பார்த்தாள். “சரிதான்க்கா” என்றாள். என் கையைப் பிடிக்க வந்தாள்.

“இரு. கம்மல்... அது இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

கையை எடுத்துக்கொண்டாள்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா. மார்ச்ல. ஒரே ஒரு வார்த்தை” என்றாள். பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஹெட்போனில் பாட்டு ஓடவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

சாரிடம் சொல்லிவிட்டேன். ரோஷினி அவசரப்பட்டாள், ஆனால் நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று. கப்பலுக்கும் அப்படியே எழுதுங்கள், அவளை நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இனிமே உங்களுக்கு இரண்டாம் கண் கிடையாது. முதல் கண் மட்டும்தான். அதுக்கே நான் மேல பேசணும்.”

சரி சார் என்றேன்.

“அடுத்த வருஷமும் ஒருத்தரைக் கூப்பிடறாங்க. உங்க பேரை எழுதி வெச்சிருந்தேன்.”

பக்கத்திலிருந்த தாளை எடுத்து மடித்துக் குப்பையில் போட்டார். வெளியே வந்ததும் கன்னியம்மா டீயை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தேன், சூடே தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பிரசன்னா ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்திருக்கிறான். நாலு சக்கரம், நீல நிறம். உள்ளே ஒரு குளிர் ஜாக்கெட். “அடுத்த வருஷத்துக்கு” என்றான். அம்மாவுக்கும் ஸ்வாதிக்கும் போன் போட்டு, அடுத்த வருஷம் அகல்யா கப்பல்ல போறா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இரண்டு வாரமாக உப்பு, சிலிண்டர், கரண்ட் பில் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரோஷினி நாளை கிளம்புகிறாள். இன்று போகும்போது என் மேசையில் ஒரு சாவியை வைத்தாள். காட்டுப்பாக்கத்தில் அவள் வீடு. “செடிக்குத் தண்ணி ஊத்தணும்க்கா” என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மணி பிளான்ட், அதுவும் பாட்டில் தண்ணீரில்.

ஆகஸ்ட் 9, சனி

நீலப் பெட்டியில் துணிகளை வைத்தேன். ஜாக்கெட்டை எடுத்து அலமாரியில் மாட்டிவிட்டேன். பிரசன்னா வாசலில் நின்று, “பத்து நாள்தானே” என்றான். காட்டுப்பாக்கம் போக ஆட்டோ வந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. ரோஷினியின் சமையலறையில் நின்று கேட்டேன், அவள் அனுப்பிய குரல் பதிவை:

“அக்கா, தண்ணிக்குள்ள மைக் எறக்கியிருக்காங்க. கேளுங்க. பழைய பேப்பர்காரர் இழுத்துக் கத்துவாரே, அப்டி இருக்குல்ல? ...இப்ப நின்னுடுச்சு. நின்னா வரப்போறாங்கன்னு அர்த்தம். பறவையெல்லாம் ஒரே எடத்துக்கு ஓடுது. அக்கா — ஐயோ. பதினொண்ணு. பதினொரு வாய். தொண்டை எல்லாம் பலூன் மாதிரி... மீன் வாசனை இங்க வரைக்கும் அடிக்குதுக்கா. நம்ம வெள்ளை வேட்டி. சத்தியமா வெள்ளை வேட்டிதான். வால் தூக்கிட்டான். பக்கத்துல இருக்கற அம்மா என் கையைப் புடிச்சுட்டாங்க. நீங்க இருக்கணும்க்கா. நீங்கதான் இருக்கணும்.”

ஏழு தடவை கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. வயிறு எரிந்தது. இரண்டும் பொய் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

பிரசன்னா வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். இளைத்திருக்கிறார்.

“நாளைக்கு அந்தப் பொண்ணு வந்துடுதுல்ல? சாயங்காலம் வந்து இட்டுகினு போறேன். இத்தினி நாளா நான் ஒண்ணுமே கேக்கல, பாத்தியா?” “அடுத்த வருஷம் நீ போறே. நானே ஏர்போர்ட்ல வந்து ஏத்தி உடறேன்.”

சொல்லிவிட்டேன். கம்மல், கையெழுத்து, சாரிடம் நானே போய் ஒத்துக்கொண்டது, குப்பையில் போன தாள், எல்லாம். அடுத்த வருஷம் என்று ஒன்று இனி எனக்கு இல்லை என்றேன்.

அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அத ஏன்டி போய்ச் சொன்ன? நீ சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சே இருக்காதே.”

கோபமில்லை, குத்தலும் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். ஒன்பது வருஷமாக என்னிடம் காட்டுகிற அதே அக்கறை.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ரோஷினி நேற்று வந்தாள். மூக்குத் தோல் உரிந்து, கறுத்துப்போய். பேசிக்கொண்டே இருந்தாள். பழைய மாதிரி இல்லை; ஆனால் பேசினாள். நான் பெட்டியை மூடுவதைப் பார்த்து, “சேக்காடு வீட்டுக்கா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். இதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு ரூம் வீடு காலியாக இருக்கிறது. ஒன்றாம் தேதி சாவி தருகிறார்கள். சமையலறை சின்னதுதான், ஒருத்திக்குப் போதும்.